மேற்கு என்றால் மேல், கிழக்கு என்றால் கீழ்: கடலில் இரண்டு வடக்குகளைச் சமாளிப்பது எப்படி

காம்பஸ் வடக்கைக் காட்டும் என்ற நம்பிக்கையில்தான் எல்லோரும் கடலில் இறங்குகிறோம். காட்டத்தான் செய்கிறது, ஆனால் அது காட்டுவது ஒரு வடக்கு, சார்ட்டில், அதாவது கடல் வரைபடத்தில், அச்சடித்திருப்பது வேறொரு வடக்கு. போதாக்குறைக்கு நம் படகில் இருக்கும் இரும்பும் வயரும் இன்ஜினும் சேர்ந்து ஊசியைத் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் இழுத்துவிட, மூன்றாவதாக ஒரு வடக்கும் வந்து நிற்கிறது. இவற்றுக்கு நடுவே போய் வருவதற்குக் கூட்டல் கழித்தல் தவிர வேறு கணக்கு எதுவும் வேண்டாம். ஆனாலும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்கூட இதில் தடுக்கி விழுகிறார்கள். எங்கே கூட்டுவது, எங்கே கழிப்பது என்பது அலை ஆட்டும்போது மறந்துபோகும், அவ்வளவுதான் காரணம். அது மறக்காமல் இருக்கத் தமிழிலேயே ஒரு வழி இருக்கிறது, கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

உண்மை வடக்கு என்பது பூமி சுழலும் அச்சின் முனை இருக்கும் திசை. சார்ட்டில் மேலிருந்து கீழாக ஓடும் தீர்க்கரேகைகள் எல்லாம் அந்த வடக்கைத்தான் காட்டுகின்றன, எனவே சார்ட்டில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு அதன் திசையை அளந்தால் வருவது உண்மைத் திசை. காந்த வடக்கு என்பது காம்பஸ் ஊசி போய் நிற்கும் திசை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள கோணம்தான் வேரியேஷன், பள்ளிப் புத்தகத்தில் காந்த ஒதுக்கம் என்று படித்திருப்பீர்கள். ஊசி உண்மை வடக்குக்கு இடப்பக்கம் சாய்ந்தால் மேற்கு வேரியேஷன், வலப்பக்கம் சாய்ந்தால் கிழக்கு வேரியேஷன்.

ஊசி நேராகக் காந்தத் துருவத்தையே குறி பார்த்து நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், அது அப்படி இல்லை. நீங்கள் இருக்கும் இடத்தில் பூமியின் காந்தப்புலம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் அது படிந்து நிற்கிறது. அந்தப் புலமோ ஊருக்கு ஊர் வளைந்து நெளிந்து ஓடுகிறது. அதனால் துருவம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்து நீங்களாகக் கோணம் போட்டால் தப்பாகத்தான் வரும். கேப் டவுன் பக்கம் வேரியேஷன் மேற்கே 25 டிகிரி அளவில் இருக்கிறது, நியூயார்க் பக்கம் மேற்கே 13 அளவில், சான் பிரான்சிஸ்கோவில் கிழக்கே 13 அளவில். சில இடங்களில் பூச்சியம், அங்கே இரண்டு வடக்கும் ஒன்றுதான்.

இடத்துக்கு இடம் மாறுவது போதாதென்று காலத்துக்கும் மாறுகிறது. லண்டனில் 1580-ல் அளந்தபோது கிழக்கே 11 டிகிரி சொச்சம், 1820 வாக்கில் அதே லண்டனில் மேற்கே 24 டிகிரி, இப்போது பூச்சியத்தை ஒட்டி நிற்கிறது. 1831-ல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கனடாவின் வடகோடியில் பூத்தியா தீபகற்பத்தில் கண்டுபிடித்த வட காந்தத் துருவம், இன்றைக்கு ஆர்க்டிக் கடலைக் கடந்து சைபீரியப் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வருடத்துக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. ஜிபிஎஸ் கருவி, போன் எல்லாவற்றுக்குள்ளும் இருக்கும் உலகக் காந்த மாதிரியை அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்கள் சேர்ந்து 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கின்றன. துருவத்தின் ஓட்டத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் 2019 தொடக்கத்தில் முறை வருவதற்கு முன்பே ஒரு திருத்தம் போட வேண்டியிருந்தது. பழைய கருவியை வருடக்கணக்கில் புதுப்பிக்காமல் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள், உள்ளே இருக்கும் வேரியேஷனும் பழசாகத்தான் இருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். சார்ட்டில் அங்கங்கே வட்டமாகத் திசைப்பூ அச்சடித்திருப்பார்கள், காம்பஸ் ரோஸ் என்பது அதுதான். வெளிவட்டம் உண்மை வடக்குக்கு, உள்வட்டம் காந்த வடக்குக்கு. நடுவில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், அதைப் படிக்காமல் விட்டுவிடுவதுதான் வழக்கம். ஓர் உதாரணத்துக்கு அதில் 4°15' மேற்கு, 2015, அடைப்புக்குறிக்குள் 9' கிழக்கு என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். 2015-ல் வேரியேஷன் மேற்கே 4 டிகிரி 15 நிமிடம், வருடத்துக்கு 9 நிமிடம் கிழக்குப் பக்கமாக நகர்கிறது என்று பொருள். 2025-ல் பயணம் என்றால் 10 வருடம், 90 நிமிடம், அதாவது 1 டிகிரி 30 நிமிடம் கிழக்கே. மேற்கிலிருந்து கிழக்குப் பக்கம் நகர்வதால் கழிக்க வேண்டும், மிச்சம் மேற்கே 2 டிகிரி 45 நிமிடம். சுக்கான் பிடிக்கிறவர் கால் டிகிரி பார்த்துப் போக முடியாது, மேற்கே 3 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேரியேஷனும் நகர்வும் ஒரே திசை என்றால் கூடும், எதிரெதிர் என்றால் குறையும். குறைந்துகொண்டே போய்ப் பூச்சியத்தைத் தாண்டினால் பெயரும் மாறிவிடும். 2012-ல் மேற்கே 30 நிமிடம், வருடத்துக்கு 6 நிமிடம் கிழக்கே என்று இருந்தால் 2024-ல் 72 நிமிடம் நகர்ந்திருக்கும், ஆக இப்போது கிழக்கே 42 நிமிடம். உள்வட்டத்தில் நேரடியாக அளந்துவிட்டால் கணக்கே வேண்டாமே என்று தோன்றும். ஆனால் அந்த வட்டம் அச்சடித்த வருடத்தில் உறைந்துபோன வட்டம், அதனால் நான் எப்போதும் வெளிவட்டத்தில் அளந்து வேரியேஷனைக் கையால் போடுகிறேன். ஒரே சார்ட்டில் இரண்டு மூன்று திசைப்பூ இருந்தால் நீங்கள் போகும் வழிக்குப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். பெருங்கடல் சார்ட்டுகளில் ஒரே அளவு வேரியேஷன் உள்ள இடங்களை இணைத்துக் கோடே போட்டிருப்பார்கள். அப்படி ஒரு சார்ட்டை அட்லாண்டிக்குக்கு 1701-லேயே எட்மண்ட் ஹேலி வெளியிட்டார், வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹேலிதான்.

இப்போது கூட்டுவதா கழிப்பதா என்ற பிரச்சினை. உண்மை வடக்கை நேராகப் பார்த்து நிற்கிறீர்கள், ஊசி உங்களுக்கு இடப்பக்கம், அதாவது மேற்கே 5 டிகிரி தள்ளி நிற்கிறது. ஊசியிலிருந்து கடிகார முள் ஓடும் பக்கமாக எண்ணினால் நீங்கள் பார்க்கும் திசை 005. உண்மையில் அது 000. அதாவது ஊசி மேற்கே போனால் காம்பஸில் எண் கூடும். ஊசி கிழக்கே போனால் அப்படியே நேர்மாறு, எண் குறையும். மேற்கு என்ற சொல்லுக்குள்ளேயே மேல் இருக்கிறது, கிழக்கு என்ற சொல்லுக்குள் கீழ் இருக்கிறது. பிழை மேற்கு என்றால் காம்பஸ் எண் உண்மை எண்ணுக்கு மேலே, பிழை கிழக்கு என்றால் கீழே. ஆங்கிலத்தில் இதற்கென்று நாலைந்து வாய்ப்பாடு இருக்கிறது, பாதி சொல்லும்போதே எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் என்று குழம்பிவிடும். நமக்குச் சொல்லிலேயே விடை இருக்கிறது, இதைவிட என்ன வேண்டும்.

இந்த விதியை இரண்டு பக்கமும் பயன்படுத்தலாம், தலைகீழாக இன்னொன்று மனப்பாடம் செய்ய வேண்டாம். சார்ட்டில் அளந்த உண்மைத் திசை 072, வேரியேஷன் மேற்கே 3. காம்பஸ் பக்கம் மேலே இருக்க வேண்டும், ஆகவே 075. மறுபடி, காம்பஸில் பார்த்த காந்தத் திசை 310, அதைச் சார்ட்டில் போட வேண்டும், வேரியேஷன் அதே மேற்கே 3. காம்பஸ் மேலே என்றால் உண்மை கீழே, 307. வடக்கை ஒட்டிப் போகும்போது மட்டும் 360-ஐத் தாண்டுவதைப் பாருங்கள். உண்மை 358, மேற்கே 5 என்றால் 363, அதாவது 003. உண்மை 002, கிழக்கே 6 என்றால் பூச்சியத்துக்கும் கீழே 4, அதாவது 356.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிடுவோம். 60 கடல் மைல் போனால் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய ஒரு மைல் விலகுவோம், இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லா இடத்திலும் உதவும். வேரியேஷன் 8 டிகிரி உள்ள கடலில் அதை மறந்தே போனால் பிழை 8 டிகிரி. நினைவாகப் போட்டு, ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருந்தால் பிழை 16 டிகிரி! 20 மைல் ஓடியபின் 5 மைலுக்கு மேல் தள்ளி நிற்பீர்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு தாளில் இரண்டு அம்பு வரைந்து பாருங்கள், அரை நிமிட வேலை.

அடுத்தது டீவியேஷன், படகின் சொந்தக் கோளாறு. இன்ஜின், நங்கூரச் சங்கிலி, ஸ்பீக்கர், வைப்பர் மோட்டார், மின்சாரம் ஓடும் வயர் எல்லாம் ஊசியைத் தங்கள் பக்கம் இழுக்கும். ஒருமுறை பாறை, பவளம் எதுவும் இல்லாத திறந்த கடலில், கலங்கரை விளக்கம் முன்னால் தெரிய வேண்டிய நேரத்தில் இடது தோள் பக்கம் தெரிந்தது. சார்ட்டைப் பார்த்தேன், கணக்கைப் பார்த்தேன், எல்லாம் சரி. பக்கத்தில் இருந்தவர் நேரம் பார்க்க என் போனை எடுத்தார், காம்பஸுக்கு ஒரு சாண் தள்ளி வைத்திருந்தேன், அதன் உறையை மூடுவதற்கு ஒரு காந்தப் பொத்தான். போனை எடுத்ததும் காம்பஸின் எண்ணெய்க்குள் மிதந்த திசை அட்டை மெதுவாக நகர்ந்து, கொஞ்சம் தாண்டி, திரும்பி வந்து நின்றது. ஒன்பது டிகிரி. அன்றிலிருந்து காம்பஸுக்கு ஒரு மீட்டர் தூரத்துக்குள் கத்தி, ஸ்பேனர், போன், டார்ச், எதையும் வைக்க விடுவதில்லை. சந்தேகப்படும் பொருளைக் காம்பஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அட்டை அசைகிறதா என்று பாருங்கள், அசைந்தால் அதற்கு அங்கே இடமில்லை.

நிரந்தரமாகப் படகிலேயே இருக்கும் இரும்பை அப்படி எடுத்து வைக்க முடியாது. படகு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ அதைப் பொறுத்து அந்த இரும்பு ஊசிக்கு ஒவ்வொரு பக்கமாக வரும், அதனால் டீவியேஷனும் திசைக்குத் திசை மாறும். வடக்கே போகும்போது மேற்கே 2, கிழக்கே போகும்போது கிழக்கே 3 என்று இருக்கலாம். இதை அட்டவணையாக எழுதி வைப்பதுதான் டீவியேஷன் கார்டு. பெரிய கப்பல்களில் காம்பஸ் பெட்டியின் இரண்டு பக்கமும் இரும்பு உருண்டைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், முன்பக்கம் குழாய்க்குள் ஓர் இரும்புத் தண்டும் இருக்கும். உருண்டைகள் கெல்வின் பிரபு கொண்டுவந்தவை, தண்டுக்கு மாத்யூ ஃபிளிண்டர்ஸின் பெயர், இரண்டும் கப்பலின் காந்தத்தைச் சமன் செய்யத்தான். அதற்கென்று இருக்கும் நிபுணர் வந்து சரிசெய்து தந்தாலும் ஒன்றிரண்டு டிகிரி மிச்சம் இருக்கும், அந்த மிச்சம்தான் கார்டில் வரும்.

சிறு படகுக்கு நீங்களே கார்டு தயாரிக்கலாம். காற்று இல்லாத காலை, அலை இல்லாத நீர், சார்ட்டில் அச்சடித்திருக்கும் இரண்டு அடையாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் ஒரு கோடு, அதாவது ட்ரான்சிட். அதன் திசையைச் சார்ட்டில் அளந்தால் உண்மை 120 என்று வைத்துக்கொள்வோம், வேரியேஷன் மேற்கே 3, ஆகவே காந்தத் திசை 123. இனி அந்தக் கோட்டைக் குறுக்கே கடந்து கடந்து போங்கள், ஒருமுறை வடக்கு நோக்கி, ஒருமுறை வடகிழக்கு, ஒருமுறை கிழக்கு என்று எட்டுத் திசையும். ஒவ்வொரு முறையும் இரண்டு அடையாளமும் ஒன்றாகச் சேரும் கணத்தில் படகின் காம்பஸ் வழியாக அந்தக் கோட்டின் திசையைப் படியுங்கள். வடக்கு நோக்கிப் போகும்போது 125 வந்தால் காம்பஸ் மேலே, ஆகவே அந்த ஹெடிங்குக்கு, அதாவது படகின் மூக்கு நோக்கும் திசைக்கு, டீவியேஷன் மேற்கே 2. கிழக்கு நோக்கும்போது 120 வந்தால் காம்பஸ் கீழே, கிழக்கே 3. அதே விதிதான். காம்பஸ் சுவரில் பதித்தது, மேலே குனிந்து குறி பார்க்க முடியாது என்றால் ட்ரான்சிட் கோட்டின் மீதே படகை நேராக ஓட்டி ஹெடிங்கைப் படிக்க வேண்டும், திரும்பி வரும்போது ஒன்று கிடைக்கும், ஆக ஒரு கோட்டுக்கு இரண்டு ஹெடிங்தான், வேறு கோடுகளும் தேட வேண்டியிருக்கும். கிடைத்த எண்களைக் கிராஃப் தாளில் போட்டு இணைத்துப் பாருங்கள், வளைவு வழவழவென்று ஏறி இறங்க வேண்டும், ஒரு புள்ளி மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் அதைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள். படகில் வெல்டிங் செய்தாலோ, புது ரேடியோ மாட்டினாலோ, இடி விழுந்தாலோ பழைய கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி செய்ய வேண்டும்.

இப்போது இரண்டையும் சேர்த்து ஒரு கணக்கு. உண்மை 072, வேரியேஷன் மேற்கே 3, காந்தம் 075. கார்டில் 075-க்கு டீவியேஷன் கிழக்கே 2, கிழக்கு என்றால் கீழே, ஆகவே காம்பஸில் பிடிக்க வேண்டியது 073. மேற்கே 3, கிழக்கே 2, மொத்தப் பிழை மேற்கே 1, காம்பஸ் ஒன்று மேலே, சரியாக வருகிறது. நீரோட்டத்துக்கும் காற்றுத் தள்ளலுக்கும் விடவேண்டியதை எல்லாம் உண்மைத் திசையிலேயே போட்டு முடித்துவிட்டு, கடைசியாக இந்த இரண்டு படிக்கு வாருங்கள்.

பல பேர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 073-ல் போய்க்கொண்டே படகின் காம்பஸ் வழியாக ஒரு கலங்கரை விளக்கத்தின் பேரிங்கை, அதாவது அது தெரியும் திசையை, எடுக்கிறீர்கள், 310 வருகிறது. கார்டில் 310-க்கு என்ன டீவியேஷன் என்று பார்க்கக் கூடாது! டீவியேஷன் படகின் முகம் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது, நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்ததல்ல. படகு 073-ல்தான் நிற்கிறது, ஆகவே அதே கிழக்கே 2, மொத்தப் பிழை மேற்கே 1, உண்மை 309. கையில் பிடித்துப் பார்க்கும் காம்பஸ் என்றால் அந்தக் கார்டே அதற்குப் பொருந்தாது, வேரியேஷன் மட்டும் போட்டு, இரும்பை விட்டுத் தள்ளி நின்று பாருங்கள்.

ஜிபிஎஸ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் ஒருமுறை செட்டிங்ஸுக்குள் போய்ப் பாருங்கள். திசை உண்மையா காந்தமா என்று ஒரு தேர்வு இருக்கும், கருவிக்குக் கருவி, அதைக் கடைசியாகத் தொட்டவரின் விருப்பத்துக்கு ஏற்ப இருக்கும். ஜிபிஎஸ் ஒரு வடக்கில், ஆட்டோபைலட் இன்னொரு வடக்கில் என்று ஓடும் படகுகளை நிறையப் பார்க்கலாம். எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாக் கருவியிலும் ஒன்றாக வையுங்கள். அப்புறம், ஜிபிஎஸ் சொல்வது படகு தரைக்கு மேல் நகரும் திசை, காம்பஸ் சொல்வது படகின் மூக்கு நீட்டியிருக்கும் திசை. குறுக்கே நீரோட்டம் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது, அந்த வித்தியாசத்தை டீவியேஷன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். பெரிய கப்பலின் ஜைரோ, அதாவது மின்சாரத்தில் சுழலும் சக்கரத்தால் வேலை செய்யும் காம்பஸ், உண்மை வடக்கையே காட்டும், வேரியேஷன் வேண்டாம், ஆனால் கரண்ட் போனால் போய்விடும், அதற்கென்று சிறு பிழையும் உண்டு. அதனால்தான் கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸின் விதிகள் காந்தக் காம்பஸும் கட்டாயம் இருக்க வேண்டும் என்கின்றன.

எழுதும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது உண்மையா, காந்தமா, காம்பஸா என்று ஓர் எழுத்துப் போடுங்கள். இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் சுக்கானை வாங்குகிறவருக்கு வெறும் 072 என்று சொன்னால் அவர் எதைப் பிடிப்பார் என்று யாருக்குத் தெரியும்.

கரை தெரியாத இடத்தில் மொத்தப் பிழையைச் சோதிக்கச் சூரியன் இருக்கிறது. உதிக்கும்போதோ மறையும்போதோ, அதன் கீழ்விளிம்பு தொடுவானத்துக்கு மேலே சூரியனின் பாதி விட்டம் அளவு இருக்கும் நேரத்தில் காம்பஸில் திசை பாருங்கள். அந்த நாளுக்குரிய சூரியச் சாய்வின், அதாவது சூரியன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கேயோ தெற்கேயோ விலகியிருக்கும் கோணத்தின், சைனை உங்கள் அட்சரேகையின் கொசைனால் வகுத்தால், சரியான கிழக்கிலிருந்து எவ்வளவு விலகி உதிக்கிறது என்பதன் சைன் கிடைக்கும். சாய்வு வடக்கே 20, அட்சரேகை வடக்கே 10 என்றால் விலகல் 20.3 டிகிரி, சூரியன் உண்மையில் 069.7-ல் இருக்கிறது. காம்பஸ் 071.5 காட்டினால் ஏறக்குறைய 2 டிகிரி மேலே, பிழை மேற்கே 2. அதிலிருந்து வேரியேஷனைப் பிரித்தெடுத்தால் அந்த ஹெடிங்கின் டீவியேஷன் மிஞ்சும். வட அரைக்கோளத்தில் இரவில் இன்னும் சுலபம், துருவ நட்சத்திரம் நடு அட்சரேகை வரைக்கும் உண்மை வடக்கிலிருந்து ஒரு டிகிரிக்குள்தான் நிற்கும். படகின் மூக்கை அதை நோக்கித் திருப்பி ஹெடிங்கைப் படியுங்கள். காம்பஸில் 003 வந்தால் மேற்கே 3, 357 வந்தால் கிழக்கே 3, மணியையும் சேர்த்து லாக் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.